இணையத்தில் பிறந்த என் தாத்தா

'தொழில்நுட்பமும் என் குடும்பமும்' என்ற கட்டுரையை ஏஐ செயலியிடம் எழுதச் சொன்னேன். "நாங்க மூணு தலைமுறையா லைன்ல இருக்கோம்" என்றேன். நான் சொன்னது தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டை.

இன்று வகுப்பில் டீச்சர் அதை வாசித்தார்: "என் தாத்தா இணையத்தில் பிறந்தவர்."

நிமிர்ந்து பார்த்தார். "ஏண்டா, உங்க தாத்தா கொழுந்து பறிச்சாரா, டவுன்லோட் ஆனாரா?"

"நானே எழுதினது டீச்சர்."

"பொய் சொல்லாத லா. அம்மாவுக்குக் கடிதம் அனுப்புறேன். இனி உன் போன் என் அலமாரியிலதான்."

சாயங்காலம் அம்மாவின் வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது: "தங்கள் மகனின் கைப்பேசி குறித்துப் பேச, நாளை தங்கள் இணைய வீட்டுக்கு வருகிறேன்."

லைன் வீட்டை இணைய வீடாக்குவது எனக்குத் தெரிந்து அந்த ஏஐ செயலி ஒன்றுதான். டீச்சரும் அதனிடம்தான் எழுதி வாங்கியிருக்கிறார்.

நாளை அவர் வந்ததும் என்ன கேட்கட்டும்: டீ வேணுமா, டேட்டா வேணுமா?