குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறவர்

"எதிர்வீட்டு நர்சம்மா இருக்காங்களே..." என்று மனைவி ஆரம்பித்ததும் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறார். தண்ணீர் சோவென்று வாளியில் விழுகிறது. திரும்பி வந்து உட்கார்ந்து, "ம், இப்ப சொல்லு" என்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை போகாது. வாளி மனைவி வைத்தது. அக்கம்பக்கத்துக் கதை பேசியே துணி துவைக்கத் தண்ணீர் பிடித்துவிடுகிற வீடு அது.

அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் வடிவமைக்கிறார். எந்தத் திரையை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்வது அவர்தான். பில் போடுகிறவருக்கு நோயின் பெயர் தெரியாது. மருந்து கொடுக்கிறவருக்கு வீட்டு விலாசம் தெரியாது. ஒருமுறை பெரிய டாக்டரே, "நான் பார்த்தா என்ன சார் குடிமுழுகிப் போயிடும்?" என்று எகிறினார். "உங்க பேஷன்ட்டா டாக்டர்?" "இல்ல, சும்மா..." "சும்மாவுக்கு நாங்க திரை வைக்கலையே." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்க நோயாளிகளின் விவரம் வேண்டும். நிஜமான ஆளை அப்படியே வைக்கலாமா? கூடவே கூடாது. ஆணைப் பெண்ணாக்குவார், டீச்சரைத் தச்சராக்குவார், மாடியில் இருப்பவரைத் தரைத்தளத்துக்கு இறக்குவார். நோயை மட்டும் தொடமாட்டார். பெற்ற தாய் வந்து பார்த்தாலும் அடையாளம் தெரியாது என்பதில் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை.

மனிதர்களை நேரில் பார்ப்பதும் கிடையாது. படியேறும்போது கண் செருப்பை விட்டு நகராது. "தெரிஞ்சாத்தானே வாய் தவறும்?" என்பார். தரைத்தளத்தில் இருக்கும் கீழ்வீட்டுக்காரர் குட்டையா நெட்டையா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் கதை எழுதுகிற மனைவி வாய்த்தார். கதாநாயகி கற்பனை, ஓரமாக வந்துபோகிறவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்து ஆட்கள். "பெரிய ஆளை நான் உண்டாக்கிக்குவேன். மூணு வரி வர்றவங்கதான் நிஜமா இருக்கணும், இல்லன்னா கதை நிக்காது" என்பது அந்த அம்மாளின் கட்சி. "அந்த மூணு வரியில மாட்டிக்கிட்டவங்க திருப்பி ஒரு வரி எழுத முடியுமா?" என்பது பூட்டின் கட்சி. ஆகவே கதையைத் தட்டச்சு செய்து பத்திரிகைக்கு அனுப்பும் வேலையைத் தானே வாங்கிக்கொண்டார். அனுப்புவதற்கு முன் தன் கைவரிசையைக் காட்டிவிடுவார்.

சென்ற மாதக் கதையில் எதிர்வீட்டு நர்ஸ் ஓரமாக வந்தார். சாயங்காலமானால் வாசலில் நின்று, தன்னோடு பேச்சை நிறுத்திவிட்ட மகளோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவார். எதிர்முனையில் யாரும் கிடையாது. ஒருநாள் காதில் வைத்திருக்கும்போதே போன் மணியடித்ததை மனைவி பார்த்திருக்கிறார். பூட்டு வழக்கம்போல நர்ஸை ரிட்டயரான பஸ் டிரைவராக்கினார், மகளை மகனாக்கினார், மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறக்கினார். போனைத் தொடவில்லை. நோயில் கைவைப்பதில்லை என்பது அவருடைய விதியாயிற்றே.

பத்திரிகை வந்தது. படித்த மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்க, கீழ்வீட்டு அண்ணன் என்ன வேலை பார்த்தாருன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே."

"காலம் பூரா பஸ் ஓட்டினவருங்க அவரு!"

பூட்டின் முகம் சுண்டிப்போனது.

அன்று மாலையே கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்தார், கையில் பத்திரிகையோடு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சண்டைக்கு வந்தவர் மாதிரியும் தெரியவில்லை.

"டிரைவர்னு போட்டீங்க, சரி தம்பி. ஊர்ல ஆயிரம் டிரைவர். ஆனா போன்ல நான் பேசறப்ப அந்தப் பக்கம் யாரும் இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா? கதவைச் சாத்திக்கிட்டுத்தானே பேசறேன்?"

மனைவிக்கு மனசு தாங்கவில்லை. "ஐயோ அண்ணே, அது நீங்களே இல்ல! அது வந்து, நம்ம எதிர்..."

பூட்டு இருமினார். மனைவி அப்படியே நிறுத்திக்கொண்டார்.

உங்களைப் போல இந்தக் கட்டடத்திலேயே இன்னொருத்தர் இருக்கிறார் என்று சொன்னால் போதும். தன் தலையும் தப்பும், பெரியவருக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் நாளைக்கு நர்ஸ் எந்த முகத்தோடு வாசலில் நிற்பார்? பூட்டு முதல்முறையாகக் கீழ்வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். நெட்டைதான். முகச்சவரம் செய்து நாலைந்து நாளாகியிருக்கும்.

"யாரும் சொல்லலைங்க. டிரைவர்னு போட்டது நான்தான், இவ இல்ல. தப்பு முழுக்க என்னுது."

"தப்புன்னு சொல்ல வரல தம்பி." பெரியவர் பத்திரிகையைச் சுருட்டினார், மறுபடி விரித்தார். "பையன் பேசி ரொம்ப நாளாச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. வெளிய தெரிஞ்சா கேவலம்னு..." குரல் உடைந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பூட்டு நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தினார். இந்த முறை பெரியவர் உட்கார்ந்தார். பிறகு பூட்டு சமையலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, திரும்பி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.