விடை பூஜ்யமாக வந்த கணக்கு

ஆசிரமம் பக்கத்து விடுதியில் அறை பெருக்கித் துடைத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளர் வேலை காலியாக இருக்கிறது, எட்டாவது பாஸ் போதும் என்றார்கள். நான் ஏழோடு நின்றவள். தனித்தேர்வு எழுதுவது என்று முடிவு செய்தேன். மற்ற பாடங்களைச் சமாளித்துவிடலாம், கணக்குதான் பயமாக இருந்தது.

சொல்லிக்கொடுத்தவள் என் நாத்தனார். கல்லூரியில் கணக்கு படிக்கிறாள், பொறுமை கம்மி. எனக்கும் ஜாஸ்தி கிடையாது. புத்தகத்திலிருந்த கணக்குகள் தீர்ந்ததும் அவளே புதிது புதிதாகப் போட்டுக் கொடுத்தாள்.

“ரெண்டேகால்னா, நாலு ரெண்டு எட்டு, மேல இருக்கற ஒண்ணையும் சேத்தா ஒம்பது. ஒம்பதுக்குக் கீழ நாலு. அப்புறம் எல்லாத்தையும் நாலால பெருக்குங்க அண்ணி, கீழ இருக்கறது ஓடிப்போயிடும்.”

“எல்லாத்தையும்னா x-ஐயுமா?”

“அதையும்தான். அது என்ன வீட்டு மாப்பிள்ளையா, விட்டு வைக்க?”

மூன்று மாதத்தில் பின்னத்தைக் கண்டால் பயப்படுவது நின்றது.

தேர்வில் ஐந்து மார்க்குக்கு ஒரு கணக்கு வந்தது: ½x + 2¼ = 1½x + 2¼. நாலால் பெருக்கினேன். 2x + 9 = 6x + 9. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றினால் 4x = 0. அப்படியென்றால் x பூஜ்யம்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியானாலும் இல்லை என்று வாயால் சொல்ல மாட்டோம், ‘நிறைஞ்சிருக்கு’ என்போம். இத்தனை பாடுபட்டு, கடைசியில் ஒன்றுமில்லை என்றா எழுதுவது? மறுபடி போட்டேன், மறுபடியும் பூஜ்யம். எங்கேயோ நான்தான் சொதப்பியிருக்கிறேன் என்று முழுக்கணக்கையும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். முப்பத்திரண்டு வந்தது. அடித்த கணக்குக்கு மார்க் கிடையாது. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கணக்கைச் சொன்னதும் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஜீரோதான் அண்ணி விடை.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்படியும் வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நானா போட்ட கணக்குல சில சமயம் ஜீரோ வரும். வந்தா நம்பரை மாத்திடுவேன். ஏன் மாத்துனேன்னு இப்பதான் யோசிக்கிறேன்” என்றாள். அவளும் இதே வீட்டில் வளர்ந்தவள்தானே.

அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நாங்கள் மறுவாரமே அடுத்த தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தோம். முதலில் அவள் கொடுத்த கணக்குக்கு விடை பூஜ்யம், அது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசி வரிக்கு வந்ததும் என் கை கூசியது. நான் எழுதி முடிக்கும்வரை அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.