சைக்கோலொஜிப் பட்டமும் அப்பான்ரை உழவு மெசினும்

ஏ.எல். சோதினை முடிச்ச பிள்ளையள் இப்பவும் என்ரை கடையிலை வந்து நிண்டு கேக்குதுகள்: "அக்கா, சைக்கோலொஜி டிகிரி செய்யட்டோ? நல்ல சம்பளமாமே?" ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சு. அதுதான் எழுதி வைக்கிறன். வாசிச்சுப்போட்டு நீங்களே யோசியுங்கோ.

1. அட்மிஷன் மேசை

எனக்கு இசட் ஸ்கோர் காணாது, அரசாங்கக் கம்பஸ் கிடைக்கேல்லை. கொழும்பிலை காசு கட்டிப் படிக்கிற ஒரு இடத்திலைதான் சேர்ந்தன். அதுக்கு அப்பா தன்ரை உழவு மெசின்ரை பதிவுப் புத்தகத்தை லீசிங் கொம்பனியிலை வைச்சுக் கடன் எடுத்தார். விசுவமடுவிலை கூலிக்கு உழுகிற மனிசன் அவர். எங்கடை வீட்டுச் சோறே அந்த மெசினிலைதான்.

அட்மிஷன் மேசையிலை இருந்த ஆள் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னார்: "உங்கடை பக்கம் சண்டை நடந்த இடம்தானே மிஸ். உங்களுக்கு அங்கை வேலைக்குக் குறைவே இருக்காது."

அந்தாள் சொன்னது பொய்யில்லை. வேலைக்கு ஒரு குறைவும் இருக்கேல்லை. சம்பளத்துக்குத்தான் இருந்தது.

2. போர்ட்

பட்டம் எடுத்தவுடனை ஒரு தொண்டு நிறுவனத்திலை கவுன்சிலர் வேலை கிடைச்சுது. மாதாமாதம் லீசிங் கட்டுக்காசு கட்டினாப் பிறகும் கையிலை கொஞ்சம் மிஞ்சும். அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சார். பிறகு ப்ரொஜெக்ட் முடிஞ்சுது எண்டு எல்லாரையும் வீட்டை அனுப்பிப்போட்டினம். அரசாங்க வேலைக்குப் போனால், "இந்த இடத்துப் பட்டம் எங்களுக்குச் சரிவராது" எண்டினம். மூண்டு வருசம் காசு வாங்கேக்குள்ளை ஒருத்தரும் அதைச் சொல்லேல்லை, கோதாரி விழுவார்.

சரி, சொந்தமாச் செய்வம் எண்டு சந்திக்குக் கிட்ட ஒரு அறை எடுத்து, "உளவளத்துணை" எண்டு போர்ட் போட்டன். முதல் நாள் ஒரு அன்ரி வந்தா. மகன் வீட்டை விட்டு வெளிக்கிடுறானில்லை எண்டு விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும் அழுது அழுது கதைச்சா. எழும்பேக்குள்ளை ஃபீசைச் சொன்னன். அவா திகைச்சுப்போய்ப் பாத்தா.

"என்ன பிள்ளை, கதைக்கிறதுக்கும் காசோ?"

நக்கலில்லை. உண்மையாத்தான் கேட்டா. அடுத்த நாள் ஒரு பூசணிக்காய் குடுத்து விட்டிருந்தா. நல்ல பூசணிக்காய்தான். ஆனால் லீசிங் கொம்பனி பூசணிக்காய் எடுக்காது.

அவாவுக்குப் பிறகு ஆரும் வரேல்லை. போர்டுக்குக் கீழாலை ஆர் உள்ளுக்கை போனாலும் "இன்னாற்றை மருமகளுக்கு விசராம்" எண்டு சந்தி முழுக்கக் கதைக்கும். கடைசியிலை போர்டைக் கழட்டிப்போட்டு ஒரு பழைய பொட்டோ கொப்பி மெசின் வாங்கி வைச்சன். உடனை சனம் வரத் தொடங்கீட்டுது! அடையாள அட்டை ஒரு கொப்பி எடுக்க எண்டு வருவினம். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுப் புருசன், கடன், காணாமல் போன பிள்ளை எண்டு கதைப்பினம். போகேக்குள்ளை கொப்பிக்குக் காசை எண்ணித் தருவினம். அந்த ஒற்றைப் பேப்பருக்கு விலை இருந்தது. என்ரை படிப்புக்கு இருக்கேல்லை.

3. லீசிங் தம்பி

கொப்பிக் காசு வாடகைக்கும் பாதிக் கட்டுக்காசுக்கும் போகும். மிச்சத்தை அப்பா உழுது போடுவார். ஒரு போகம் மழை பிழைச்சுது. உழவு குறைஞ்சு கட்டுக்காசு பிந்தீட்டுது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொம்பனிக்காரத் தம்பி ஒருத்தர் வீட்டை வந்தார், மெசினைத் தூக்க. கூட வந்த டிரைவர் படலையடியிலை நிண்டார். அப்பா டீசல் வாங்கப் போயிருந்தார். அம்மா தேத்தண்ணி குடுத்தா. தம்பியின்ரை கையிலை கோப்பை நடுங்கினதைப் பாத்து, பழக்க தோசத்திலை கேட்டுப்போட்டன்: "தம்பி, வடிவா நித்திரை கொள்ளுறேல்லையோ?"

அவ்வளவுதான், ஆள் உடைஞ்சு போச்சு. துணுக்காயிலை ஒரு மனிசியின்ரை ஓட்டோவைத் தூக்கினவராம். அவா மண்ணள்ளித் தூத்தி, "உன்ரை பிள்ளை விளங்காது" எண்டு திட்டினவாவாம். அண்டையிலையிருந்து மகளுக்கு அடிக்கடி காய்ச்சலாம். "கண்ணை மூடினால் அந்த மண்தான் தெரியுது அக்கா. நான் சம்பளத்துக்கு நிக்கிறவன்."

நான் இடையிலை குறுக்கிடாமல் எல்லாத்தையும் கேட்டன், படிப்பிச்ச மாதிரியே. பிறகு சொன்னன்: "மகளின்ரை காய்ச்சல் மண்ணாலை வந்ததில்லை தம்பி. அவா தன்ரை வேதனையைத்தான் எறிஞ்சவா. கொம்பனி செய்யிறதெல்லாத்தையும் உங்கடை தலையிலை சுமக்காதேங்கோ."

அவர் நல்லா அழுதார். முகத்தைத் துடைச்சார். "மனம் லேசாப் போச்சு அக்கா," எண்டு எழும்பி நிமிந்து நிண்டார். கையிலை நடுக்கம் இல்லை.

"அப்ப, மெசின்ரை திறப்பைத் தாங்கோவன்."

அம்மா முத்தத்திலை மண்ணள்ளக் குனிஞ்சா. நான் கையைப் பிடிச்சுப்போட்டன். ஏன் பிடிச்சனெண்டு இப்பவும் என்னிலைதான் கோவம் வருது. திறப்பைக் குடுத்துப்போட்டுக் கேட்டன்: "தம்பி, இவ்வளவு நேரம் கதைச்சதுக்குக் காசு?"

நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சுச் சிரிச்சார். "என்னக்கா, கதைக்கிறதுக்கும் காசோ?"

மெசினை ஏலத்திலை வித்தும் கடன் முடியேல்லை. மிச்சத்தைக் கொப்பி எடுத்து இப்பவும் கட்டுறன். அப்பா ஆரோ ஒராளின்ரை மெசினைச் சம்பளத்துக்கு ஓடுறார். பிள்ளையள், படிப்புப் பிரயோசனமில்லை எண்டு நான் சொல்லமாட்டன். என்ரை வீட்டு முத்தத்திலையே அது நல்லா வேலை செய்தது. ஆசையெண்டால் படியுங்கோ. வீட்டுக்குச் சோறு போடுற சாமானை வைச்சுப் படியாதேங்கோ.

மெசினைத் தூக்கின அண்டைக்கு அப்பா டீசல் கானோடை சைக்கிளிலை வந்து இறங்கினார். மெசின் நிண்ட இடத்தைப் பாத்தார். கானைக் கீழை வைச்சுப்போட்டு என்னைப் பாத்துக் கேட்டார்:

"ஏன் பிள்ளை, நீ அவனோடை ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"கதைச்சனான் அப்பா," எண்டன்.