ஒரே பக்கம் பார்த்த மயில்கள்

இருதயமேரி வீட்டுக்குள் யார் போனாலும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் போக வேண்டும். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டோரம் இருக்கும் அந்த வீட்டின் ஒரே கூடத்தில் முக்கால்வாசியை, ஜாக்கெட்டுகளில் ஜரிகையும் மணியும் வைத்துத் தைக்கும் ஆரி வேலை ஃப்ரேம் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டில் நீளத்துக்கு நாலு கட்டை, நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி. குழம்புச் சட்டியோடு யாராவது அந்தப் பக்கம் நடந்தால் மேரிக்கு உயிர் போய் உயிர் வரும்.

அவள் புருஷன் அலெக்ஸ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்த ஃப்ரேமைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "ஊர்ல இருக்குற பொம்பளைங்கல்லாம் ஷூ கம்பெனி வேன்ல ஏறி ஜம்முனு வேலைக்குப் போய்க்கினு இருக்காங்க. நீ இந்தக் கட்டைய கட்டிக்கினு அழுவுற" என்பான். யாரையோ பிடித்து அவளுக்குக் கம்பெனியில் இடமும் பேசி வைத்துவிட்டான். கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வல்லத்துப் பெண் அன்புச்செல்வியின் முகூர்த்த ஜாக்கெட் கைக்கு வந்திருந்தது. மேரிக்குக் கிடைத்த முதல் கல்யாண வேலை. அது பேர் வாங்கினால் ஃப்ரேம் கூடத்திலேயே இருக்கும். இல்லையென்றால் அது பரணுக்கு, அவள் வேனுக்கு.

ஊசியைக் கையில் எடுத்தால்தான் மேரிக்குத் தான் ஒரு ஆள் என்ற நினைப்பே வரும். அதை அலெக்ஸுக்கு எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள்.

ஜாக்கெட் துணி புடவையோடு வந்தது, இழுத்துப் பிடித்தால்தான் போதும். அதனால் ஜாக்கெட்டின் ஒரு கையை நேராகவும் அடுத்த கையைத் தலைகீழாகவும் வரைந்துகொண்டாள். ஊசியால் ஓட்டை குத்திய மயில் படத்தாளை முதல் கைமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் தேய்த்து அச்சு எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மகள் மெர்சி காய்ச்சலில் வாந்தி எடுத்தாள். "அந்த இன்னொரு கையில மட்டும் தேய்ச்சி வுடுங்க" என்று சொல்லிவிட்டு மேரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அலெக்ஸ் தேய்த்தான். கை தலைகீழாக இருக்கிறதே என்று தாளையும் தலைகீழாக வைத்தான். தாளைப் பின்பக்கம் மேலே வரும்படி புரட்டிப் போட்டிருக்க வேண்டும். அவனுக்கு அது எங்கே தெரியும்? சொல்லாமல் போனது மேரியின் தப்புத்தான். திரும்பி வந்து பார்த்தால் ஒரு மயில் இந்தப் பக்கம், ஒரு மயில் அந்தப் பக்கம். சரியாகத்தானே இருக்கிறது என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். ஜரிகை, மணி, பட்டு நூல் என்று இழைத்து இழைத்துப் போட்டாள்.

முடித்து, துணியை அவிழ்த்து, இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தப்பு தெரிந்தது. இரண்டு மயிலும் ஒரே பக்கம் பார்த்தன. போட்டுக்கொண்டால் ஒன்று முன்னால் பார்க்கும், மற்றது பெண்ணின் முதுகைப் பார்க்கும்.

"யாரு உத்துப் பாக்கப் போறா? பேசாம குடு" என்றான் அலெக்ஸ். குரல் உள்ளே போயிருந்தது.

"கல்யாணப் பொண்ணைப் பாக்காம வேற யாரைப் பாப்பாங்க?" என்று மேரி ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு துணியையே பார்த்தபடி நின்றாள். ஒவ்வொரு மயிலின் அலகுக்கு முன்னாலும் சின்னச் சின்னப் பூக்கள். அவற்றைப் பிரித்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். தோகை வைத்த மயிலுக்குப் பற்றாது. பெட்டை மயிலுக்குத் தோகை ஏது?

போனை எடுத்து நடந்ததை மறைக்காமல் அன்புச்செல்வியிடம் சொல்லி, எதிரே பெட்டை மயில் போடட்டுமா என்று கேட்டாள்.

"இன்னாக்கா இது, கல்யாணத்த வச்சிக்கினு இப்பப் போயி!" என்று அந்தப் பெண் கத்தினாள். பிறகு, "போடுங்க. ஆனா எனக்குப் புடிக்கலன்னா கடையில வேற ஜாக்கெட் வாங்கிப் போட்டுக்குவேன்" என்றாள். அதில் நியாயம் இருந்தது.

துணி மறுபடி ஃப்ரேமில் ஏறியது. அலெக்ஸ் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு அடுப்படியில் நுழைந்தான். வேர்க்கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைச் சட்னியில் உப்பை அள்ளிக் கொட்டினான், மெர்சிக்குக் கஞ்சி ஊட்டினான், கூடத்துப் பக்கம் யாரையும் விடவில்லை. மேரி பூக்களைப் பட்டு இழை நோகாமல் பிரித்தாள். ஒவ்வொரு ஆண் மயிலுக்கும் எதிரே ஒரு பெட்டை மயில் எழுந்தது, கழுத்தை லேசாகச் சாய்த்து. இனி இரண்டு கையிலும் ஒன்று முன்னால் பார்க்கும், ஒன்று பின்னால் பார்க்கும்.

முகூர்த்தத்தன்று கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் மொய்த்தார்கள். தாலியைவிடக் கையைத்தான் அதிகம் பார்த்தார்கள். "அக்கா, இப்பிடி ஜோடியா எங்கியும் பார்த்ததில்ல" என்று அன்புச்செல்வி மேரியின் கன்னத்தைக் கிள்ளினாள். பிள்ளை வீட்டுப் பெண்கள் மேரியை நடுவில் உட்கார வைத்து நம்பர் கேட்டார்கள். ஆவணிக்கு ஒருத்தி, தைக்கு ஒருத்தி. மேரி ஒவ்வொருத்தி போனையும் வாங்கித் தானே நம்பரை அடித்துக் கொடுத்தாள்.

அலெக்ஸுக்கு வாய் நிற்கவில்லை. "ரெண்டாவது கையில ஆம்பள மயிலு இருக்குதே, அது நான் வச்சது" என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

மண்டபத்து வாசலில் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான். "கம்பெனிக்காரன் கிட்ட இன்னான்னு சொல்றது மேரி?"

"எடம் காலியாத்தான இருக்குது, நீங்க போய்ச் சேந்துக்கோங்க" என்று மேரி ஆட்டோவில் ஏறி நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இப்ப ஜல்தியா வண்டிய எடுங்க. கடை மூடுறதுக்குள்ள நூலு வாங்கணும்."