சட்டைமேல் படுத்த பூனை

வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி வாசற்படியில் போடுவார் கருணாகரன். பூனை வந்து அதன்மேல் சுருண்டுகொள்ளும். பிறகு பால். பாதி அவருக்கு, மீதி அதே குவளையில் பூனைக்கு. "பால் குடிச்சா சாயத்து வெசமெல்லாம் எறங்கிடும்ணே. எங்கள மேய்க்கிற மண்டோர் சொல்லிக் குடுத்தது லா" என்பார் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம். எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் கதவு ஜன்னலுக்குச் சாயம் பூசுகிற எல்லாருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. பெண்டாட்டி, பிள்ளை இல்லாத மனிதர். பூனைக்கு ராசாத்தி என்று பெயர்; அதற்கு ஒரு குட்டியும் உண்டு.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறதென்று பண்டார் ஹிலிர் கடைத்தெருக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று கதவு ஜன்னல் மினுங்க வேண்டியிருந்தது. முப்பது வருஷத்துப் பழைய சாயத்தை உப்புத்தாளால் உரசி எடுப்பது கருணாகரன் வேலை. வீடு திரும்பும்போது புருவம்கூடத் தூசியில் வெளுத்திருக்கும். குளிக்குமுன் பூனையைத் தூக்கிக் கொஞ்சியாக வேண்டும். எனக்குப் பூனை என்றாலே ஆகாது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும்.

ஜூலையில் ராசாத்தி சோற்றைத் தொடவில்லை, வாந்தி எடுத்தது. அடுத்த வாரம் கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டது. வலிப்பும் வந்தது. கருணாகரன் நேரே, எலித் தொல்லையென்று புலம்பிக்கொண்டிருந்த எதிர்வீட்டு பஷீரா வாசலில் போய் நின்றார்.

"எலி பாசாணம் வச்சீங்களாக்கா? வாயில்லாத சீவன்! எப்படி மனசு வந்துச்சு?"

"அல்லா மேல ஆணையா இல்ல தம்பி!" அந்த அம்மாள் அழுதேவிட்டாள். இவர் நம்பவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. வெட்கக்கேடு, நானும்தான் பார்த்தேன்.

மாட்டு டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் பூனையைவிட இவருடைய சட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"பழைய சாயத்துல ஈயம் இருக்கு. ஒங்க மேல இருக்கிற தூசி அது முடியில ஒட்டுது. பூனை நாள் பூரா ஒடம்ப நக்கும். அப்படித்தான் உள்ள போயிருக்கு."

"தினம் பால் குடுத்தேனே டாக்டர்!"

"பால் ஒண்ணும் செய்யாது."

அன்று மத்தியானமே ராசாத்தி செத்தது. மிச்சம் அதன் ஒரே குட்டி.  

மறுநாளும் கருணாகரன் வேலைக்குப் போனார். போகாமல் எப்படி? வேறு தொழில் தெரியாது. சாயத் தூசியோடு திரும்பி வந்தபோது குட்டி அவர் காலைச் சுற்ற ஓடி வந்தது. மனிதர் பதறிப் பின்வாங்கி நடுத்தெருவுக்கே போய்விட்டார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

"பஷீராக்கா, தப்பு எம்மேலதான். மன்னிச்சிருங்க. இந்தக் குட்டிய நீங்க வளத்துக்குங்க. எங்கிட்ட இருந்தா இதுவும் போயிடும்."

பஷீரா வெளியே வந்தாள். முந்தானையை விரித்துப் பிடித்து, "சரி, எடுத்துக் குடு தம்பி" என்றாள்.

"நீங்களே தூக்கிக்குங்கக்கா" என்றார் கருணாகரன், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு.