எஸ்தர் அக்காவின் இரண்டாவது கேசட்

எஸ்தர் அக்கா எழுதி, மெட்டுப் போட்டு, கிட்டார் வாசித்துப் பாடிய எட்டுப் பாட்டுகள் முதல் கேசட்டில் வந்தன. அட்டையில் 'பாடல், இசை' என்ற இடத்தில் கேசட் போட்ட முதலாளியின் பெயர் இருந்தது. 'பாடியவர்: எஸ்தர்' என்று அதற்குக் கீழே, மருந்துப் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடுவார்களே, அந்த அளவு எழுத்தில். கேசட் தொழிலில் பாட்டு காற்றோடு போய்விடும், அட்டைதான் நிற்கும். அடுத்தவர் பெயருக்குக் கீழே உழைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிராது.

முதலாளி பழனிச்சாமி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். எஸ்தர் அக்காவுக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை உள்ளும் புறமும் புரட்டி, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் கண்டுபிடித்து ஒதுக்கும் வேலை. கிட்டார் அவர் சர்ச் பாடகர் குழுவில் கற்றுக்கொண்டது. ஓர் ஆயுத பூஜை அன்று கம்பெனியில் அவர் பாடியதைக் கேட்ட முதலாளி, மாடியில் ஓர் அறைக்குச் சணல் சாக்கு அடித்து ஒலிப்பதிவு அறையாக்கிக் கேசட் போட்டார். அது டீக்கடைகளிலும் டவுன் பஸ்களிலும் ஓடியது. கடைக்காரர்கள் இரண்டாவது கேசட் கேட்டார்கள்.

அப்போதுதான் நான் உள்ளே வந்தேன். கோயம்புத்தூரில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறும் விடுமுறையும் இங்கே வேலை. பாட்டுகளை நல்ல எழுத்தில் படியெடுப்பது, எத்தனை நிமிடம் என்று குறிப்பது, அட்டையை அச்சகத்துக்குக் கொண்டுபோவது. 'பாடல், இசை: எஸ்தர்' என்று இந்தத் தடவை அச்சாக வேண்டும், அதை நான் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன் என்று முதல் நாளே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மனசுக்குள் சொன்னதை அன்று மாலைக்குள் நாலு பேரிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

ரிப்பீட் ஆர்டர்

பனியன் தொழிலில் ஒரு சரக்கு பிடித்துப்போனால் வாங்குகிறவர் அதையே மறுபடி கேட்பார். அதே அளவு, அதே நூல், அதே தையல், கலர் மட்டும் வேறு. அதற்கு ரிப்பீட் ஆர்டர் என்று பெயர். முதலாளி இரண்டாவது கேசட்டையும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஒரு பெரிய தாளில் கோடு போடச் சொன்னார். இடது பக்கம் முதல் கேசட்டின் எட்டுப் பாட்டு, எத்தனை நிமிடம், வேகமா மெதுவா. வலது பக்கம் கலர் மாற்றம். மழைப் பாட்டுக்கு எதிரே வெயில் பாட்டு. பஸ் பாட்டுக்கு எதிரே ரயில் பாட்டு. நானும் ஸ்கேல் வைத்து ஒழுங்காகத்தான் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

பாட்டு பனியன் இல்லை என்று அரைமணி நேரம் பேசினேன். அவர் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டார். எஸ்தர் அக்கா தன் நோட்டைத் திறந்து, எழுதி வைத்திருந்த பத்துப் பாட்டில் ஒன்றைப் பாடினார். சோமனூரில் தறி ஓட்டிய தன் அம்மாவைப் பற்றிய பாட்டு, மெதுவாகப் போகும். முதலாளி தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டார். பிறகு நான் போட்ட தாளை நாலாக மடித்தார்.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது அம்மிணி. ஆனா இது புது ஸ்டைலுங்க. புது ஸ்டைல்னா சேம்பிள் காட்டி அப்ரூவல் வாங்கோணுமுங்க."

தாராபுரம் சேம்பிள்

சொன்னபடியே செய்தார். மூன்று பாட்டைச் சேம்பிளுக்கென்று ஒரு சாதாரண டேப்ரிக்கார்டரில், வெறும் கேசட்டில் பதிந்து, என் கையில் கொடுத்து, தாராபுரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார். அங்கே முதல் கேசட்டை அதிகம் எடுத்த கடைக்காரர் ஒருவர் இருந்தார். சந்தை நாள். கடை வாசலில் ஆள் உயர ஸ்பீக்கர். அவர் என் கையிலிருந்து கேசட்டை வாங்கி, ஊதி, போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டார். பாட்டை அவர் கேட்கவே இல்லை. ரோட்டைத்தான் பார்த்தார்.

முதல் இரண்டு பாட்டுக்கும் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, அம்மா பாட்டு. வெங்காய மூட்டையோடு பஸ்ஸுக்குப் போன ஓர் அம்மாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். பஸ் வந்தது, கண்டக்டர் கூப்பிட்டார், பஸ் போயும்விட்டது. இதைக் கலையென்று சொல்வதா சந்தை ஆராய்ச்சியென்று சொல்வதா என்று எனக்குள்ளேயே ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கேசட்டை நிறுத்தி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அழுக வெக்கற சரக்கு மெதுவாத்தானுங்க நகரும். ஆனா வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் கொண்டாந்து குடுக்க மாட்டாங்க. போடச் சொல்லுங்க."

பூண்டியில் அரைமணி நேரம்

எங்கள் ஒலிப்பதிவு அறைக்குக் கீழேதான் பனியன் துணி பின்னும் மெஷின்கள். மெஷின் ஓடினால் பாட்டில் அந்த இரைச்சல் விழும். மெஷின் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், டேப்பும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகளை நம்பியிருந்தோம். கப்பலுக்குச் சரக்கு போக வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமையும் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஒலிப்பதிவு பார்த்த செல்லத்துரை அண்ணன் திருநெல்வேலிக்காரர், பொறுமைசாலி. அவரே ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, 'இனி இங்கன வச்சு ஒரு பாட்டும் எடுக்க முடியாதும்மா' என்றார். திருமுருகன்பூண்டியில் தெரிந்தவர் வீடு ஒன்று காலியாக இருந்தது. சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

போய் இறங்கிய பிறகுதான் பக்கத்துக் கொட்டகையில் சாமி சிலை அடிக்கிறார்கள் என்பது எங்களுக்கு உறைத்தது. பூண்டி என்றால் சிலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. நான் போய் அரைமணி நேரம் உளியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். சரிங்க என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு பாட்டு. இரண்டாம் வரியில் அக்காவுக்குத் திருப்தியில்லை, மறுபடி. கிட்டார் கம்பி இறங்கியது, மறுபடி. இருமல் வந்தது, மறுபடி. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதுவரைக்கும் ஒரு தட்டுச் சத்தம் கேட்கவில்லை. பெரிய சிற்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கோபப்படுவார் என்று பதில் தயார் செய்துகொண்டு எழுந்தேன். அவர் என்னைத் தாண்டி அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. தப்பு வந்தா மறுக்காப் பாடிக்கறீங்க. எங்களுக்கு ஒருக்கா கை தவறுச்சுன்னா கல்லே போச்சுங்க."

நான் திருத்திய வரி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். சொல்லாவிட்டால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

வேலை முடிந்து பஸ்ஸில் திரும்புகிற பெண்ணின் பாட்டு ஒன்று. அக்கா எழுதியது இது: 'ஏழு மணி பஸ்ஸுக்குள்ள ஏறி நின்ன நேரத்துல, யாரு தோளோ தெரியலியே, என் தலைக்கு எடங்குடுத்தது.' படியெடுக்கும்போது எனக்கு அது போதவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் தோளைத் தேடுவாளா, நியாயம் கேட்பாளா? இரண்டாம் வரியை 'யாரு வீட்டு மாடிக்கோ என் ரத்தம் செங்கலாச்சு' என்று மாற்றி, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. பனியனில் குறை இருக்கும் இடத்தைக் காட்டச் செக்கிங்கில் சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் ஒன்று என் வரிக்கு நேராக ஒட்டியிருந்தது. உண்மையைத்தானே எழுதினேன் என்று வாதாடப் போனேன். அக்கா கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இது உன்ற கோவம் கண்ணு. அன்னைக்கு எனக்குக் கோவம் வருல, தூக்கந்தான் வந்துச்சு. அட்டை மேல ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருக்கறாரு. பாட்டுக்குள்ள நீ வந்து உக்காந்துக்காத."

கழுத்துப்பட்டியில் இல்லாத பெயர்

ஒன்பது பாட்டு முடிந்தது. அட்டைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. 'பாடல், இசை, குரல்: எஸ்தர்' என்று எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய அட்டையில் இருக்கிற மாதிரியே இருக்கட்டுமுங்க என்றார். நான் விடவில்லை. எழுதாததை எழுதினேன் என்று சொல்வதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். உங்கள் சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் உங்களைக் கவிஞர் என்று மைக்கில் சொன்னார்களாமே, அப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்களாமே என்று கேட்டேன். வயதில் மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. பேசிவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. மேஜைக்கடியிலிருந்து ஒரு பனியனை எடுத்துக் கழுத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எந்த நாட்டுக் கடையின் பெயரோ நெய்த லேபிள் இருந்தது. நான் பார்க்கிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.  

"இருவது வருசமாப் பனியன் போடறனுங்க அம்மிணி. எத்தனை நாட்டுக்காரன் என்ற பனியனை மாட்டிட்டு நடக்கறானோ, ஒரு கழுத்துலகூட என்ற பேரு இல்லீங்க. ஆசைக்கு ஒரு அட்டையில போட்டுக்கிட்டேன். அது தப்புங்களா?"

செக்கிங் டேபிள்

தப்புதான். அவருடைய ஏக்கம் நிஜம் என்பதால் அக்காவின் பாட்டு அவருடையது ஆகிவிடாது.  பாக்கியிருந்தது அம்மா பாட்டு. அக்கா சத்தம் போடாமல் ஒன்று செய்தார். அட்டையைப் பார்த்துவிட்டுப் பத்தாவது பாட்டைப் பாடுகிறேன் என்று செல்லத்துரை அண்ணனிடம் சொல்லியனுப்பிவிட்டு, வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டார். அந்த வேலையும் அதே முதலாளியிடம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.  வேலையை விட்டு நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வேற கம்பெனியில செக்கிங் இருக்குது, வேற அம்மாதான் இல்லை என்றார்.

இரண்டு நாள் கழித்து முதலாளி அச்சக மாதிரி அட்டையோடு செக்கிங் டேபிளுக்கே வந்தார். அங்கே அவர் சாதாரணமாக வந்து நிற்கிறவர் இல்லை. வரிசையாக நின்று பனியன் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். அட்டையில் 'பாடல்: எஸ்தர்' என்று இருந்தது. 'இசை' என்ற இடத்தில் அவர் பெயர் அப்படியே இருந்தது. பாதிக்குப் பாதி வந்திருக்கிறேன், ஒத்துக்கோணுமுங்க என்றார். அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் பணிவாகவே, தன் நியாயத்தைச் சொன்னார். நம்ம தொழிலில் ஜாப் ஒர்க் என்று ஒன்று இருக்கிறதல்லவா. கம்பெனிக்காரன் துணி கொடுக்கிறான், மெஷின் வைத்திருக்கிறவன் தைத்துக் கொடுக்கிறான். தைத்தது யாராக இருந்தாலும் சரக்கு கம்பெனிக்காரனுடையது. ரூம் நான் கொடுத்தேன், டேப் நான் கொடுத்தேன், மைக் நான் கொடுத்தேன். அப்புறம் பாட்டு யாருடையது?

இதற்கு வந்த பதிலைக் கேட்டதும் வரிசையில் யாரோ தும்மலை அடக்குவது மாதிரி சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூண்டியில் பத்தாவது பாட்டு பதிவாயிற்று. அட்டை வந்தது. 'பாடல், இசை, குரல்: எஸ்தர். ஒலிப்பதிவு, வெளியீடு: பழனிச்சாமி.' தாராபுரம் கடைக்காரர் சொன்னபடியே கேசட் மெதுவாகத்தான் நகர்கிறது. முதல் கேசட் இன்றைக்கும் பழைய அட்டையோடு விற்கிறது, அதை மாற்ற எங்களால் முடியவில்லை. அக்கா இன்றைக்கும் அதே டேபிளில்தான் நிற்கிறார்.

பொருளாதாரத்தில் எம்.ஏ. படிக்கிற நான் எட்டு மாதம் தொண்டை வறளப் பேசியும் அசையாத மனிதரை, கையிலிருந்த பனியனைக் கீழே வைக்காமலே எஸ்தர் அக்கா அசைத்த பதில் இவ்வளவுதான்: "துணி என்னுதுங்க மொதலாளி, மெஷினுதான் உங்களுது. அப்படிப் பாத்தா ஜாப் ஒர்க் பண்ணிக் குடுத்தது நீங்கதானுங்க."