வாசுகி அக்காவின் பூட்ஸ்

"இன்னிக்கு நீ என்ன செஞ்ச, பிரேமா?"

எங்கள் ஊர் லூனாஸில் ஜக்கரியா அண்ணன் கடையில் ரொட்டி சானாய்க்காகக் காத்திருந்தபோது வாசுகி அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். பள்ளிக்கூடத்தின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். அன்றைக்கு மத்தியானம் எழுந்து, கைத்தொலைபேசியைப் பார்த்து, சாப்பிட்டு, மறுபடியும் கைத்தொலைபேசியைப் பார்த்திருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் செய்யலக்கா."

"பரவால்ல லா. நானும் ஒண்ணும் செய்யல. என்ன, எனக்கு அதுக்குச் சம்பளம் கொடுக்குறாங்க."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தன் தேநீரில் கரைந்துபோன ஐஸைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

வாசுகி அக்கா எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. எந்தப் பாகம் எப்போது வரும், கையிருப்பு எவ்வளவு என்று கணினியில் ஏற்றுவார். ஒரு பட்டியலில் இருக்கும் எண்களை இன்னொரு பட்டியலுக்கு மாற்றுவார். சாயங்காலம் ஐந்தரைக்குக் கணினியை மூடும்போது காலையில் எப்படி இருந்ததோ அப்படியேதான் மேசை இருக்குமாம்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வு நாளில் அவரால் சும்மா இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சுங்கை செடிம் ஆற்றுக்குப் போவார். தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு பொரித்த மீகூன் நூடுல்ஸ் சாப்பிடுவோம். திரும்பி வந்ததும் மோட்டரின் சங்கிலியைக் கழற்றிக் கழுவுவார். எங்கள் வீட்டுக் காற்றாடி நின்றுபோனபோது அதைப் பிரித்துப் போட்டு, அரைநாள் போராடி, ஓட வைத்தார். இப்போதும் ஓடுகிறது. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அந்த அலுவலக வேலையைப் பற்றி அக்காவைவிட அதிகம் பேசியவர் அவருடைய அப்பா அம்மாசி மாமா. அவர் பல வருடம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். முழங்கால் கெட்டுப்போனதால் தோட்டத்தை விட்டு வந்து, ஒரு சாமான் கிடங்கில் ஜாகாவாக இரவுக் காவல் வேலை பார்க்கிறார். கோயிலில், முடி வெட்டும் கடையில், பசாரில் மீன் விற்பவரிடம் என்று எல்லாரிடமும் சொல்வார், "எம் மவ ஏர்கோண்ட் வேலை." குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதற்கு மேல் வேறு விவரம் கிடையாது. கம்பெனி பெயர்கூட அவருக்குச் சரியாக வராது. தோட்டத்து வேலையை விட்ட அன்று தன் பூட்ஸை வேலிக் கம்பத்தில் தொங்கவிட்டு வந்தாராம். இந்தக் குடும்பத்தில் பூட்ஸ் போட்ட கடைசி ஆள் தான்தான் என்று அப்போது சொன்னாராம்.

ஒரு நாள் கணினியில் இருந்த கணக்கும் தொழிற்சாலைக்குள் இருந்த பாகங்களும் ஒத்துவராததால், நேரில் பார்த்து வர அக்காவை இயந்திரங்கள் ஓடும் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே ஹபீஸா என்ற டெக்னீஷியன் ஓர் இயந்திரத்தைத் திறந்து வைத்து அதற்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். கூலிம்காரர், அக்காவைவிடச் சில வயது மூத்தவர்.

"ஆபீஸ்காரவங்க வெறுங்கையோட வரக்கூடாதும்மா. தே வாங்கியாந்தியா?" என்று கேட்டாராம்.

"இல்லக்கா."

"அப்ப இந்த டார்ச்சையாச்சும் புடி."

அக்கா டார்ச் பிடித்தார். உள்ளே ஒரு பெல்ட் விலகியிருந்தது. ஹபீஸா அக்கா அதைச் சரிசெய்து பொத்தானை அழுத்தியதும், நின்றுபோன வரிசை முழுவதும் நகர ஆரம்பித்ததாம். அன்று சாயங்காலம் எங்கள் கேட்டில் சாய்ந்துகொண்டு அக்கா இதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏதோ பந்தயத்தில் கோல் விழுந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

அதற்குப் பிறகு மதிய உணவு நேரத்தில் அக்கா அடிக்கடி அங்கே போனார். தேநீர் வாங்கிக்கொண்டுதான். சில மாதங்கள் கழித்து, அலுவலகத்தில் இருப்பவர்களும் டெக்னீஷியன் பயிற்சிக்கு மனுச் செய்யலாம் என்று கம்பெனி அறிவித்தது. அக்கா மனுச் செய்தார். நேர்முகத் தேர்வில் இடமும் கிடைத்தது. பார்த்தால், அதே வாரம் அவருடைய அலுவலக மேலாளர் கூப்பிட்டு, சீனியர் கிளார்க் பதவி காலியாகிறது, அது உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். இரண்டில் ஒன்றை, அடுத்து வரும் திங்கட்கிழமை காலையில் சொல்லியாக வேண்டும். பயிற்சி என்றால் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

பயிற்சிக்கு பூட்ஸ் வேண்டும், முன்பக்கம் இரும்பு வைத்தது. அக்கா அதை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது அவருக்கு உறைத்தது.

"பிரேமா, ஒங்க வீட்டுல வச்சிரு. அப்பாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"எப்ப சொல்வீங்க?"

"சொல்றேன் லா."

பூட்ஸை எங்கள் வாசலில் செருப்பு அடுக்குக்குப் பின்னால், குடைகளை முன்னால் வைத்து மறைத்தேன். நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை அம்மாசி மாமா ஏணி கேட்டு வந்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"யாரு பூட்ஸ் இது?"

"என்னுது மாமா."

"உன்னுதா? எதுக்கு, படுக்கையில போட்டுக்கிட்டுப் படுக்கவா?"

உள்ளே என் அம்மா சிரித்தது கேட்டது. எனக்கு உதவ யாரும் வரவில்லை.

"வேலைக்குப் போகப் போறேன் மாமா."

"நல்லதாப் போச்சு. எங்க, போட்டுக் காட்டு."

எனக்குக் கால் பெரியது. விரல்கள் போயின, குதிகால் போகவில்லை. மாமா பூட்ஸை வாங்கித் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"வருசா வருசம் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவன் நானு. எம் பொண்ணு கால் அளவு எனக்குத் தெரியாதா?"

ஏணியை மறந்துவிட்டு பூட்ஸோடு நடந்தார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மாமா பூட்ஸைக் கூடத்தின் நடுவில் வைத்தார். அக்கா எதையும் மறைக்கவில்லை. பயிற்சி, சீனியர் கிளார்க் பதவி, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏர்கோண்டை விட்டுட்டு மெஷினுக்குப் போறியா?"

"அங்கயும் ஏர்கோண்ட் இருக்குப்பா. ஆபீஸைவிடக் குளிரு."

"வெளையாடாத. நான் இந்தக் கால்ல பூட்ஸ் போட்டது எதுக்கு? நீ போடக்கூடாதுன்னுதான்."

அக்கா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"நீங்க தினமும் வேலை முடிஞ்சு வந்ததும் என்னை மடியில வச்சிக்கிட்டுச் சொல்வீங்க. இன்னிக்கு எந்தப் பக்கம் வெட்டுனேன், எந்த மரம் ரொம்ப ஒசரம், எந்தக் குலை தலையில விழப் பார்த்துச்சுன்னு. நான் ஆபீஸ் போக ஆரம்பிச்சு மூணு வருசம் ஆச்சு. ஒரு நாளாவது ஒங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்கேனா? சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லப்பா."

சமையல் கட்டிலிருந்து அக்காவின் அம்மா பாப்பம்மா அத்தை, "பூட்ஸ் போட்டா என்ன, செருப்பு போட்டா என்ன, மொதல்ல சாப்பிட வாங்க" என்றார். மாமா சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் ஏணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அதற்குப் பிறகு மாமா அக்காவிடம் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. ஞாயிற்றுக்கிழமை சுங்கை செடிமில் அக்கா மீகூன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"பேசாம சீனியர் கிளார்க்குன்னே சொல்லிடவா? நல்ல பேரு. அப்பாவுக்கும் நிம்மதி."

எனக்கு அப்போது யாருக்கும் புத்தி சொல்கிற தகுதி இல்லை. மனதில் பட்டதைச் சொன்னேன்.

"அக்கா, அந்த பெல்ட் கதை எனக்கு முழுசா ஞாபகம் இருக்கு. ஒங்க ஆபீஸ் கதை ஒண்ணுகூட ஞாபகம் இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து என் பங்கிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டார். "வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது உனக்கு" என்றார். முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை அதிசயமாக நானும் சீக்கிரம் எழுந்தேன். பக்கத்து வீட்டில் அக்கா பூட்ஸைத் தேடும் சத்தம் கேட்டது. கூடத்தில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. அக்கா வாசலுக்கு வந்து பார்த்தால், அவர்கள் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில், தெருவில் போகிற யாருக்கும் தெரிகிற இடத்தில் இரண்டும் ஜோடியாக நின்றன. கயிறு புதிதாகக் கோர்க்கப்பட்டிருந்தது. இரவு வேலை முடிந்து வந்த அம்மாசி மாமா சீருடையைக்கூடக் கழற்றாமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"புது பூட்ஸ் கடிக்கும். உள்ள பவுடர் போட்டிருக்கேன். ஸ்டோக்கிங் ரெண்டு போட்டுக்க."

"ஏம்ப்பா வெளிய வச்சீங்க?"

"பூட்ஸை எவனாச்சும் வீட்டுக்குள்ள வைப்பானா?"

அக்கா படியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். கயிற்றை இழுத்துக் கட்டிய விதம் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் இறுக்கு" என்றார். இறுக்கினார். மோட்டர் கிளம்பிப் போனது.

அன்று சாயங்காலம் நான் வேண்டுமென்றே ஏணியைத் திரும்ப வாங்கும் சாக்கில் அங்கே இருந்தேன். அக்கா உள்ளே வந்ததும் மாமா கேட்டார், "இன்னிக்கு என்ன செஞ்ச?"

அக்கா சொல்ல ஆரம்பித்தார். கைகளால் இயந்திரத்தின் அகலத்தைக் காட்டினார். எழுந்து நின்று காட்டினார். மேசையில் இருந்த கரண்டியையும் தட்டையும் வைத்து பெல்ட் எப்படி ஓடும் என்று விளக்கினார். மாமாவுக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் நடுவில் நிறுத்தி, "அது ஏன் அந்த எடத்துல மட்டும் தேயுது?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலப்பா."

"நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்லு."

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. அக்காவுக்கு இரவு ஷிஃப்ட் வாரங்கள் உண்டு. கண் சிவந்து வருவார். சீனியர் கிளார்க் பதவிக்குப் போனவர் இப்போது ஜாலியாக இருக்கிறார் என்றும் சொல்வார், பொறாமை இல்லாமல். மாமா பசாரில், "எம் மவ மெஷின் ரிப்பேர் பண்ணுது. அங்கயும் ஏர்கோண்ட்தான்" என்கிறார்.

நான் காலையில் லூனாஸில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். இரண்டு கல்லூரிகளுக்கு மனுப் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. நேற்று அக்கா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். "ஒங்களப் பத்தி எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றேன். "முட்டைய எடுத்தத எழுதாத" என்றார். எழுதிவிட்டேன்.

இதைப் படித்த நீங்கள் உங்களோடு வைத்துக்கொள்ளாமல் யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். மத்தியானம் வரைக்கும் தூங்குகிற என்னைப் போன்ற ஒருவர் இருந்தால் அவரிடம். பிள்ளைக்கு ஏர்கோண்ட் கிடைத்தால் போதும் என்று இருக்கிற அப்பா யாராவது இருந்தால், முதலில் அவரிடம். பெயர்களை மாற்றிச் சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் பூட்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில், வெளியே நின்றதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.